பின்பக்கம் பார்த்த சீட்

இடஒதுக்கீட்டுப் போராட்டம். அன்று தியாகதுருகத்தில் பஸ் தலையே காட்டவில்லை. நிறுத்தத்தில் தவித்துக்கொண்டிருந்த மணிமொழியைப் பார்த்து இன்னாசி காரை நிறுத்தினார். அவர் வேலை பார்க்கும் பள்ளியில் அவள் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பின்சீட்டில் அவர் மகள் ஷீபா. பின்பக்கம் பார்க்கப் பொருத்திய குழந்தை சீட்டில் முழங்கால் மடங்க உட்கார்ந்திருந்தாள்.

“இன்னா சார் இது, பாப்பாவுக்குக் காலு நீட்டவே எடமில்ல? முன்னாடி பாக்கத் திருப்பி வைக்கலாமே?”

“பின்னாடி பாத்து உக்காந்தாதான் அடிபடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க.”

“எத்தினி வயசு வரைக்கும்?”

“நாலு.”

“பாப்பாவுக்கு இப்ப?”

“அஞ்சு முடியப்போவுது.”

மணிமொழிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ரொம்பத்தான் பயப்படறீங்க சார்!”

மாதா கோயிலைத் தாண்டியதும் ஷீபா கையை ஆட்டினாள். “அம்மா, டாட்டா!”

“ஐயோ, மேடம் நிக்கிறாங்களா? ஒரு வார்த்தை பேசிட்டு வந்திருக்கலாமே!” மணிமொழி திரும்பிப் பார்த்தாள்.

தெருவில் யாருமில்லை. கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டம்தான் சின்னதாகிக்கொண்டே போனது. அது மறையும்வரை ஷீபா கையை இறக்கவில்லை.

இன்னாசி பின்கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

“நான் திரும்பிப் பாத்தா வண்டி ஓட்ட முடியாதுங்க, டீச்சர். அவளாவது பாத்துக்கினு வரட்டும்.”