சூடானால் நின்றுவிடும்

"நிறுத்திடாதீங்க தம்பி. இப்பதான் சூடு ஏறுது" என்றபடி டீச்சரம்மா நாற்காலியை டிரெட்மில்லுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

டிரெட்மில்லில் நடந்துகொண்டிருந்தவருக்கு மூச்சு இரைத்தது. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. தொப்பை மட்டும் அவரைவிட ஒரு எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தது. யார் பார்த்தாலும் உடம்பைக் குறைக்க வந்தவர் என்றுதான் சொல்வார்கள்.

அவர் மெக்கானிக். டீச்சரம்மா வீட்டு மெஷினை ரிப்பேர் பார்க்க வந்தவர். கம்பெனியில் அவருக்கு 'மோட்டார் டாக்டர்' என்று பட்டப்பெயர். மோட்டார் ஓடும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டே, கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறதா, பேரிங் போய்விட்டதா என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு வாரக்கணக்காகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது இந்த மெஷின்.

டீச்சரம்மாவின் புகார் இதுதான். ஏறியதும் நன்றாக ஓடுகிறதாம். வியர்க்க விறுவிறுக்க நடந்தபிறகு திடீரென்று நின்றுவிடுகிறதாம். கேட்டதுமே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. கன்ட்ரோல் போர்டில் எங்கோ ஈயம் வைத்து ஒட்டிய சால்டர் விட்டிருக்கும். குளிர்ந்திருக்கும்போது ஒட்டிக்கொண்டிருக்கும், சூடேறினால் விலகும். அதைக் கையும் களவுமாகப் பிடிக்க ஒரே வழி, ஓர் ஆள் ஏறி, அது நிற்கும்வரை நடப்பது.

முட்டி வலி என்று டீச்சரம்மா கையை விரித்துவிட்டார். வேறு ஆளையும் அனுப்பக் கூடாதாம், கைராசிக்காரர் இவர் ஒருத்தர்தானாம். டாக்டருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தானே ஏறி நடந்தார். மெஷின் சமர்த்தாக ஓடியது. கிளம்பி வந்த பிறகு கம்பெனிக்கு ஃபோன் வந்தது: பக்கத்து வீட்டுப் பெண் ஏறினாள், நின்றுவிட்டது என்று. மறுநாளும் போய் நடந்தார். அதற்கு மறுநாளும் அதே ஃபோன், அதே நடை.

மோட்டார் இழுக்கும் கரண்டை அளந்தார். கார்பனைக் கழற்றிப் பார்த்தார். சென்சாரைத் துடைத்தார். எல்லாம் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. பெல்ட்டில்கூட அவருடைய ஷூ தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் காலைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஏறுபவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

கவலையிலேயே ஆள் இளைத்துப்போனார். இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போடவேண்டி வந்தது. வீட்டில் மட்டும்தான் கொஞ்சம் நிம்மதி. 'சர்க்கரை ஏறிக் கிடக்கு, எழுந்து நடங்க' என்று விடிந்ததும் பிடித்துக்கொள்ளும் மனைவி, இவர் படும் பாட்டைப் பார்த்தோ என்னவோ, இப்போதெல்லாம் வாயே திறப்பதில்லை.

இன்று காலையில் முதலாளி கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் முடியவில்லையென்றால், டீச்சரம்மா என்ன சொன்னாலும் சரி, நாளைக்குச் சின்னவன் போவான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த, மீசைகூட முளைக்காத அந்தச் சின்னவன் இப்போதே இவரை 'கம்பவுண்டர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தான்.

ஆகவே டாக்டர் வெறிகொண்ட மாதிரி நடந்தார். மேடு ஏறுகிற மாதிரி சாய்வைக் கூட்டினால் மோட்டாருக்குச் சுமை கூடுமே என்று டீச்சரம்மா யோசனை சொன்னார். நியாயம்தான் என்று கூட்டினார். அவருக்கு நாக்குத் தள்ளியது. மோட்டார் முனகக்கூட இல்லை.

பொறுமை போய்விட்டது. இறங்கினார். மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து, லென்ஸை வைத்துப் போர்டை மூலைமுடுக்கெல்லாம் துழாவினார். ஒரு கீறல் இல்லை. இத்தனை வருஷம் கட்டிக் காத்த பட்டப்பெயர் கைநழுவிப் போவது தெரிந்தது. தொழிலில் முதல் தடவையாக ஒரு பொய் சொன்னார்.

"கிடைச்சிருச்சு டீச்சரம்மா. இதோ பாருங்க, முடி மாதிரி ஒரு விரிசல்."

டீச்சரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். போர்டைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். திரும்பவும் போர்டைப் பார்த்தார். நிஜமாகவா என்று மெல்லக் கேட்டார். நான் பார்க்காத விரிசலா என்றார் டாக்டர், எங்கேயோ பார்த்தபடி. நன்றாக இருந்த இடத்திலேயே சால்டர் வைக்கும் சூட்டுக்கோலை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். புகை வந்தது. இனி இந்த ஜென்மத்தில் மெஷின் நிற்காது, தான் இந்தப் பக்கம் வரவே வேண்டியிருக்காது என்று அடித்துச் சொன்னார்.

டீச்சரம்மாவின் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம். ஃபோனை எடுத்தார். முதலாளியிடம் பாராட்டித் தள்ளப் போகிறார் என்று டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"இல்லாத கோளாறை உன் வீட்டுக்காரர் கண்டுபிடிச்சுட்டாரும்மா, நாளையிலேருந்து நீயே அவரை நடக்க வச்சுக்கோ."