பாட்டிலுக்குள் மலைவாழை

ஒன்றாகப் பயோடெக் படித்தவர்கள்தான். ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள்தான். கொடைக்கானல் ஆய்வகத்தில் இருந்த ஒரே வேலை ஸைமாவுக்குப் போனது. பார்க்க வந்த ஜெயாவுக்கு அவளுடைய வெள்ளைக் கோட்டைக் கண்டதுமே வயிறு எரிந்தது.

"இந்தப் பாட்டிலைப் பாருடி, மலைவாழைக் கன்னு. மத்ததெல்லாம் பூஞ்சை புடிச்சுப் போச்சு. இதுவும் கெட்டா என் வேலைக்கே வேட்டுதான்."

என்று சொல்லிவிட்டு ஸைமா டீ எடுக்கப் போனாள். ஜெயா மூடியைத் திறந்து, உள்ளே நன்றாக ஊதிவிட்டு மூடினாள். கிருமியில்லாமல் வளர்க்கும் கன்றைக் கெடுக்க அந்த மூச்சு போதும் என்று அவளும் படித்திருக்கிறாளே.

ஸைமா டீயோடு வந்தாள். "சொல்லாம இருக்க முடியலடி. ஆடலூர்ல ஒங்க வாழைத்தோட்டம் நோயில அழிஞ்சப்ப, தப்பிச்ச ஒத்தக் கன்ன ஒங்கப்பா எங்கிட்டதான் குடுத்தாரு. அதுலேருந்து எடுத்து வளத்ததுதான் இது. இனி தோட்டம் பூராம் நட்டுறலாம்."

ஜெயா டம்ளரை வாங்கினாள்.

"சுடுதுடி, ஊதிக் குடி" என்றாள் ஸைமா.