வெறும் வயிறு

"இந்தம்மாவுக்கு யாரு இட்லி கொடுத்தது?"

நர்ஸ் ரேவதி கேட்டதும் வார்டே திரும்பிப் பார்த்தது. மூன்றாம் கட்டிலில் விஜயா மல்லாந்து படுத்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதட்டோரம் இட்லிப் பொடி ஒட்டியிருந்தது. சாட்சி சொல்ல வேறு ஆளே வேண்டாம்.

பக்கத்து ஸ்டூலில் அவள் கணவர் ஜினதாஸ், முசரவாக்கத்தில் நெல் பயிர் செய்கிறவர், காலி டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாட்டிக்கொண்ட மனிதர் முகத்தில் கொஞ்சமாவது பயம் வேண்டாமா? அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரேவதிக்கு மண்டை காய்ந்தது. இந்த மனநல வார்டில் இன்றுதான் அவளுக்கு முதல் நாள். வழக்கமாக இருக்கும் அன்னம்மாள் சிஸ்டர் லீவு போட்டுவிட்டதால், காலை ஆறு மணிக்கு ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இவளை இங்கே தள்ளிவிட்டார்கள். யாருக்கு என்ன வியாதி என்று படிக்கக்கூட நேரமில்லை. எட்டு மணிக்கு யார் யாருக்குக் கரண்ட் ட்ரீட்மெண்ட் என்ற பட்டியல் மட்டும்தான் கையில். மயக்க டாக்டர் சென்னையிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள்தான் வருவார். வந்ததும் கேட்கிற முதல் கேள்வி, வெறும் வயிறா என்பது. இல்லை என்றால் விஜயாவின் சிகிச்சை நாலு நாள் தள்ளிப்போகும். முதல் நாளே ரேவதியின் மானம் கப்பலேறும்.

"நேத்து கிளாஸுக்கு வந்தீங்களா, இல்லையா?"

வந்தாராம். ஒவ்வொரு கரண்டுக்கும் முந்தின நாள் கூட இருப்பவர்களுக்கு வகுப்பு நடக்கும், இது அவருக்கு ஐந்தாவது வகுப்பாம். அதை நிரூபிப்பதுபோல எழுந்து நின்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால், மயக்கத்தில் அது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, பல்செட்டைக் கழற்ற வேண்டும். ஊசி போட்டதும் தூக்கம். கரண்ட் போவது சில நொடிதான், நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. எழுந்ததும் கொஞ்ச நேரம் குழப்பமாக இருக்கும், பதறக் கூடாது.

எதிர்க் கட்டிலில் தம்பியைச் சேர்த்திருந்த தறிக்காரர் சிட்டிபாபு பலமாகத் தலையாட்டினார். கரண்ட் கம்பியில் காக்கா ஒட்டிக்கொள்கிற மாதிரி தம்பியும் ஒட்டிக்கொள்வான் என்று பயந்து, மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியவர் அவர். அவரைப் பாடம் நடத்தி உட்கார வைத்ததே இந்த ஜினதாஸ்தானாம்.

ரேவதிக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. தெரியாமல் செய்தவரை மன்னிக்கலாம். வாத்தியாரையே என்ன செய்வது?

"இவ்ளோ தெரிஞ்சுக்கினா கொடுத்தீங்க?"

"நான் கொடுக்கல சிஸ்டர். நான் சாப்பிடலாம்னு டப்பாவைத் தொறந்தேன். அவளே எடுத்துக்கினா."

"கையைப் புடிக்க வேண்டியதுதானே?"

"புடிக்கணும்னு தெரியுது. மூணு இட்லியும் போற வரைக்கும் பாத்துக்கினே இருந்தேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். ரேவதி பொறுமையைக் கைவிட்டாள். அவளோடு படித்த மதுமிதா ஜைனப் பெண். அந்த வீட்டில் பொழுது சாய்ந்தால் சாப்பாடு கிடையாது, பண்டிகை வந்தால் நாள்கணக்கில் உபவாசம். எல்லாம் இவளுக்குத் தெரியும்.

"பேரைக் கேட்டாலே தெரியுது, நீங்க ஜைனருங்கதானே? வாரக்கணக்குல உபவாசம் இருக்கறவங்க. இந்தம்மாவுக்கு ஒரே ஒரு காலையில பட்டினி கிடக்கத் தெரியலையா?"

ஜினதாஸின் சிரிப்பு நின்றது. கண் கலங்கிவிட்டது.

"ரெண்டு மாசமா இவளுக்கு அது ஒண்ணுதான் சிஸ்டர் தெரிஞ்சுது. பண்டிகை சமயத்துல சாப்பாட்டை நிறுத்தினா. பேச்சும் நின்னு போச்சு. நாங்க உபவாசம்னு நெனச்சோம். சொந்தக்காரங்க வந்து வந்து கையெடுத்துக் கும்பிட்டாங்க. பண்டிகை முடிஞ்சு கஞ்சி கொடுத்தா, வாயைத் தொறக்கல. அப்பதான் நோவுன்னு புரிஞ்சுது. அன்னியிலேர்ந்து ஸ்பூன்லதான் ஊத்திக்கினு இருக்கேன். அதுக்குத்தாம்மா இந்தக் கரண்ட்டே வெக்கறாங்க. இன்னைக்குத்தான் அவளா கையை நீட்டினா."

ரேவதி பட்டியலில் விஜயாவின் பெயரை அடித்து, பக்கத்தில் 'வெள்ளிக்கிழமை' என்று எழுதினாள். மயக்க டாக்டரிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

விட்டத்திலிருந்து கண்ணை எடுத்து, விஜயா கணவரைப் பார்த்தாள்.

"நாலா எடுத்தாந்திருக்கலாம் இல்ல?"