தோற்கும் வேலை

நான் ஒரு லிஃப்ட் சர்க்யூட்டில் இருந்த ரெசிஸ்டர், இரண்டு கால் உள்ள சின்ன மின்தடை. மூன்றாம் மாடிப் பட்டனிலிருந்து, லிஃப்டின் மூளையான சிப்புக்குப் போகும் கம்பியை மேலே இழுத்துப் பிடித்திருப்பது என் வேலை. கம்பி மேலே இருந்தால், யாரும் அழுத்தவில்லை என்று சிப் புரிந்துகொள்ளும். யாராவது அழுத்தினால் பட்டன் அதைக் கீழே இழுக்கும். நான் உடனே தோற்றுவிடுவேன்.

"ஒரு நாளாவது ஜெயிச்சிருக்கியா தம்பி?" என்று பட்டன் சிரிக்கும்.

ஒருநாள் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் இல்லாம ஓட்டுங்க பார்க்கலாம்" என்று, என்னைப் பற்றவைத்திருந்த ஈயத்திலிருந்து ஒரு காலை உருவிக்கொண்டேன்.

கம்பி அந்தரத்தில் தவித்தது. பக்கத்தில் மோட்டார் ஓடினாலே அது கீழே சரிந்தது; யாரோ அழுத்திவிட்டார்கள் என்று சிப் நினைத்தது. ஆளில்லாத மூன்றாம் மாடியில் லிஃப்ட் நின்று நின்று கதவைத் திறந்தது. குடியிருந்தவர்கள் பேய் என்றார்கள்.

"என்னை யாரும் அழுத்தவே இல்லை!" என்று பட்டன் அலறியது.

"அதை எனக்கு யார் சொல்றது?" என்றது சிப்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாரும் வந்து கெஞ்சுவார்கள் என்று காத்திருந்தேன்.

மெக்கானிக் சகாயம் வந்தார். பையிலிருந்து என்னைப் போலவே இன்னொருவனை எடுத்துப் பற்றவைத்தார். என்னைக் கீழே இருந்த குப்பை டப்பாவில் போட்டார்.

மறுநாள் பட்டன் அவனிடமும் அதே கேள்வியைக் கேட்டது.

"இல்லண்ணே" என்று சொல்லிவிட்டு, அவன் கம்பியை மறுபடி மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டான்.

லிஃப்ட் ஒழுங்காக ஓடுகிறது. பையன் என்னைவிட நன்றாகத் தோற்கிறான்.