போர்டுக்கும் லினக்ஸுக்கும் பொருத்தம்

இருபத்தாறு மணி நேரமாக ஆய்வகத்தின் புதுக் கணினி, லினக்ஸ் இயங்குதளம் ஏறிய சில நிமிடங்களில் உறைந்து நின்றுவிடுகிறது. மதர்போர்டில் புராசஸரைப் பொருத்தியவள் மகிழினி. லினக்ஸ்தான் வேண்டும் என்று பேராசிரியையிடம் மல்லுக்கு நின்றவர், அவளுடைய சீனியர் தேவசகாயம். அவர் லினக்ஸின் உட்கருவான கெர்னலை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் துடைத்த திருப்புளியையே மறுபடி துடைத்தாள்.

பேராசிரியை உள்ளே வந்தார். "என்னப்பா, ஜாதகம் பார்க்காமலே கட்டி வெச்சிட்டியா? போதும். நாளையிலேர்ந்து எல்லா சிஸ்டத்துலயும் விண்டோஸ்தான்."

"சரிங்க மேடம்," என்றார் தேவசகாயம்.

பேராசிரியை போனதும் மகிழினி பக்கம் நாற்காலியைத் திருப்பினார். ஒரு வருஷப் பிடிவாதம் முகத்திலிருந்து வடிந்துபோயிருந்தது.

"இந்த போர்டு லினக்ஸுக்கு ஒத்துவருமான்னு நான்தான் விசாரிச்சிருக்கணும். உன் நேரத்தையும் வீணாக்கிட்டேன். மன்னிச்சிடும்மா."

திட்டியிருந்தால்கூட அவள் வாய் திறந்திருக்க மாட்டாள். மன்னிப்பைத்தான் தாங்க முடியவில்லை. திருப்புளியை மேசையில் வைத்தாள்.

"அண்ணா, லினக்ஸ் மேல தப்பில்லை. புராசஸர் வைக்கறப்போ என் துப்பட்டா நூல் சாக்கெட்டுல மாட்டி, உள்ள இருக்கற மெல்லிசான கம்பி பின் ஒண்ணு வளைஞ்சிடுச்சு. ஊக்கால நிமிர்த்திட்டு, யார்கிட்டயும் சொல்லாம மூடிட்டேன்."