முயலுக்கு ஆர் லீவு குடுத்தது?

“மகளுக்குக் காய்ச்சல் சேர். அறிக்கையை இரண்டு நாள் வீட்டிலயிருந்து எழுதட்டோ?”

வினுஷா தயங்கித் தயங்கித்தான் கேட்டாள். டொக்டர் சிறி கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கிளேட்டனில் காட்டு முயல்களின் இரத்தத்தை ஆராயும் கூடம் அது. அவர் தலைவர், அவள் உதவியாளர். மாத முடிவில் அவளுடைய கொன்ட்ராக்ட் முடிகிறது. அதை நீட்டிக் கையெழுத்துப் போட வேண்டியவரும் இந்த மகான்தான்.

“எத்தினை வயசு?”

“மூண்டு சேர். சைல்ட் கெயார் தொடங்கினதிலயிருந்து மாறி மாறி வருத்தம்.”

“வரட்டும். நீர் ஆராய்ச்சி செய்யிறது என்னத்தை? கலிசி வைரஸ் வந்த புதுசில காட்டு முயல் நூற்றுக்குத் தொண்ணூறு செத்துது. தப்பினதுகளின்ர வம்சத்தை அது இப்ப பழைய மாதிரிக் கொல்லாது. ரத்தத்திலயே எதிர்ப்பு ஊறிப்போச்சு. ஆர் பொத்திப் பொத்தி வளர்த்தது? முயலுக்கு ஆர் லீவு குடுத்தது?”

தமிழ்ச் சங்க மேடைகளில் கைதட்டு வாங்கிய அதே பேச்சு. செத்துப்போன தொண்ணூறுக்காக அவர் எந்த மேடையிலும் வருத்தப்பட்டதில்லை.

“தாய்மார் இப்பிடி இளகினா பிள்ளையள் தேறாது. நாளைக்கு இஞ்ச வந்து எழுதி முடியும்.”

“ஓம் சேர்.”

மறுநாள் காலை பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்தைக் கொடுத்து, சைல்ட் கெயாரில் விட்டுவிட்டு வேலைக்கு வந்தாள்.

பத்து மணிக்கு அறிக்கையை முடித்து நிமிர்ந்தபோது சைல்ட் கெயாரிலிருந்து அழைப்பு. முப்பத்தொன்பது டிகிரி, உடனே வந்து கூட்டிப் போகச் சொன்னார்கள்.

கார்ச் சாவியை எடுக்கும்போதே சிறியின் குறுஞ்செய்தியும் வந்தது. ‘நான் இண்டைக்கு வீட்டில. அறிக்கையை மல்கிரேவ் வீட்டுக்குக் கொண்டு வாரும். கையெழுத்து வைக்கிறன்.’

கொதிக்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வீட்டு மணியை அடித்தாள்.

“கெதியா உள்ளுக்கு வந்து கதவைச் சாத்தும். இலையான், பூச்சி பறந்து வந்திடும்.”

ஹோலின் நடுவில் நுளம்பு வலை. வலைக்குள் மெத்தை. மெத்தையில் கொழுத்த வெள்ளை முயல் ஒன்று கண்ணை மூடிக் கிடந்தது. பக்கத்தில் அதற்கென்று ஒரு குட்டி ஃபேன்.

“உங்கட முயலோ சேர்?”

“ஓம், எங்கட செல்லம்.” தோளில் முனகிய பிள்ளையை அவர் பார்க்கவில்லை. குரல் தழுதழுத்தது. “நேற்றுப் பின்னேரம் கலிசி வராமலிருக்கத் தடுப்பூசி போட்டது. பாவம், சோர்ந்து கிடக்கு. இதை இப்பிடி விட்டிட்டு எப்பிடி வேலைக்கு வாறது? அதுதான் இரண்டு நாள் லீவு போட்டிட்டன்.”