புருனோவுக்காக ஒரு சத்தியம்

"ரத்தம் எடுத்தாச்சு. ரிப்போர்ட் வர இருபது நிமிஷம் ஆவும், உக்காருங்கண்ணே" என்றார் டாக்டர் கவிநிலா.

சகாயநாதனுக்கு வியர்த்துக் கொட்டியது. எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தார். முத்தியால்பேட்டையின் அந்தச் சின்ன கிளினிக்குக்கு ஒரே வாசல். அதை அடைத்துக்கொண்டு மனைவி ரோசா நின்றிருந்தாள்.

ரத்தம் அவருடையதல்ல, காலடியில் படுத்திருந்த புருனோவுடையது. பிள்ளையில்லாத வீட்டில் அந்த நாய்தான் பிள்ளை.

"உடம்புக்குள்ள அழற்சி எவ்ளோன்னு காட்டுற டெஸ்ட் இது. பத்துக்குள்ள இருக்கணும், நூத்தறுபது இருக்கு" என்று திங்கட்கிழமை டாக்டர் சொன்னபோது மனிதர் விக்கி விக்கி அழுதார். அதன்பிறகு அவர் வேலைக்குப் போனதும் ரோசாதான் தினமும் ஊசிக்குக் கூட்டி வந்தாள்.

இன்று காலை ரோசா அவரை வில்லியனூர் மாதா கோவிலுக்கு இழுத்துப் போனாள்.

"புருனோ பொழைக்கணும்னா மாதாவுக்குப் பெருசா எதயாச்சும் குடுக்கணும். குடிய விட்டுடறேன்னு சொல்லுங்க."

நூற்றறுபது எங்கே இறங்கப் போகிறது என்ற துக்கத்தில் அவரும் மெழுகுவர்த்தி ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டார்.

இப்போதுதான் உறைத்தது. எண் இறங்காவிட்டால் புருனோ இல்லை. இறங்கினால் சாயங்கால குவார்ட்டர் இல்லை. மூலைக்கு மூலை மதுக்கடை திறந்து வைத்திருக்கும் ஊரில் மனுஷன் எந்தப் பக்கம் போவான்?

குனிந்து புருனோவின் முன்னங்கால்களைத் தடவினார். திங்கட்கிழமை ரத்தம் எடுக்க மழித்த திட்டு ஒன்று, இன்று மழித்தது ஒன்று, இன்னொன்றும் இருந்தது. குழந்தையை என்ன பாடு படுத்திவிட்டார்கள்! குடி போனால் போகட்டும், இது பிழைத்தால் போதும் என்று முதன்முறையாக மனசார நினைத்தார்.

"ஆறு! நார்மல்!" என்று டாக்டர் காகிதத்தோடு வந்தார்.

ரோசா சிலுவை போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடிக்க வெளியே போனாள். சகாயநாதன் புருனோவைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"மாதா செஞ்ச புதுமை டாக்டரம்மா! இன்னிக்குக் காலைலதான் இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணேன், ஒடனே எறங்கிடுச்சு பாருங்க!"

டாக்டர் விழித்தார்.

"என்னண்ணே, நேத்தே டெஸ்ட் பண்ணி, நார்மல்னு அக்காகிட்ட சொல்லிட்டேனே! இன்னிக்கு உங்க எதிர்ல மறுபடி எடுக்கச் சொன்னதே அவங்கதான்!"